என்ன வேலை செய்கிறாய், தாயே?

(தூய்மைத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மருத்துவமனைக் கூடம் பளபளக்கிறது. பள்ளிக்கூடத்துக் கழிவறை வெண்மை காட்டுகிறது. ஓட்டல் மேசை கண்ணாடிபோல் மின்னுகிறது. உள்ளே நுழைகிறோம், மூக்கிலே ஒரு நெடி ஏறுகிறது. "ஆகா, எவ்வளவு சுத்தம்!" என்று புகழுரை புகல்கிறோம். சுத்தத்துக்கு மணம் ஏது, தோழர்களே? தூய காற்றுக்கு வாசனை கிடையாது. தூய நீருக்கும் கிடையாது. நம் மூக்கில் ஏறியது பினாயிலின் நெடி, பிளீச்சிங் பவுடரின் நெடி, ஆசிட்டின் நெடி. ஐந்து நிமிடம் நின்று அகலும் நமக்கு அது வெறும் நெடி. எட்டு மணி நேரம் அதனிடையே குனிந்து, அதனையே முகர்ந்து, அதிலேயே கை தோய்த்து நிற்கிறாரே ஓர் அம்மையார், அவருக்கு அதுதான் காற்று!

அந்தக் காற்று சிலருக்கு நோயாகிறது. ஆஸ்துமா என்று மருத்துவர்கள் அழைக்கும் நோய். இரைப்பு என்றும் இழுப்பு என்றும் நம் பாட்டிமார் அறிந்திருந்த நோய். மூச்சுக்குழலின் உட்சுவர் வீங்கும், அதனைச் சுற்றியுள்ள தசை இறுகும், சளி அடைக்கும், உள்ளே போன காற்று வெளியே வர வழியின்றித் தவிக்கும், நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போல் ஒலி எழும்.

"நோயைப் பற்றிப் பேச நீ யார்? கல்லூரியைப் பாதியிலே விட்டவன், நாடகம் எழுதித் திரிபவன், உனக்கேன் மருத்துவம்?" என்று மாற்று முகாமிலே உள்ள நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். மருந்துச் சீட்டு எழுத நான் வரவில்லை. நோய்க்குப் பெயரிடும் வேலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெயரிடுவதிலே அரசியல் இருக்கிறது! "ஆஸ்துமா" என்று சீட்டில் எழுதினால், அது அந்த அம்மையாரின் உடற்குறை, அவர் தலையெழுத்து, அவர் செலவு. "வேலையால் வந்த ஆஸ்துமா" என்று எழுதினால், அது வேலை வாங்கியவர் கணக்கிலே ஏறும் கடன். இரண்டே இரண்டு சொற்கள் கூடுதல். அந்த இரண்டு சொற்களை எழுத வைப்பதற்கு எத்தனை பாடு படவேண்டியிருக்கிறது என்பதைத்தான் இன்று விளக்கப் போகிறேன்.

நாடகக்காரன் அல்லவா, ஒரு காட்சியாகவே காட்டிவிடுகிறேன். கற்பனைக் காட்சிதான். ஆனால் உங்களில் பலர் இதிலே நடித்திருப்பீர்கள்.

மருத்துவர்: என்ன செய்கிறது?

அம்மையார்: ராத்திரியானா மூச்சு முட்டுதுங்க. நெஞ்சைப் பிடிச்சு இறுக்குதுங்க.

மருத்துவர்: எத்தனை நாளாக?

அம்மையார்: ஒரு வருசம் இருக்குங்க.

மருத்துவர்: குடும்பத்திலே யாருக்காவது உண்டா?

அம்மையார்: இல்லீங்க.

மருத்துவர்: பனியிலே நிற்காதே. குளிர்ந்தது தின்னாதே. இந்த மருந்தை உறிஞ்சு. அடுத்த ஆள்!

திரை விழுகிறது. ("நிற்காதே, தின்னாதே" என்ற ஒருமையைக் கவனித்திருப்பீர்கள், அது தனிக்கதை, இன்னொரு நாள் பேசுவோம்.) மருத்துவர் பனியைப் பற்றிக் கேட்டார், பாட்டனைப் பற்றிக் கேட்டார். ஆனால் ஒன்றைக் கேட்கவில்லை: "என்ன வேலை செய்கிறாய், தாயே?" உடனே மருத்துவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடாதீர்கள். வெளியே நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள்; ஆளுக்கு இரண்டு நிமிடம் கிடைப்பதே அரிது. அந்த இரண்டு நிமிடத்துக்குள் அந்தக் கேள்வியை நுழைப்பது எப்படி என்பதுதான் நம் கவலை.

இந்தக் கேள்வி நேற்று முளைத்ததன்று. இத்தாலி நாட்டிலே, மோடேனா நகரிலே, பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்றொரு மருத்துவப் பேராசிரியர் இருந்தார். 1633-இல் பிறந்தவர். அவர் வீட்டுக் கழிவுக்குழியைச் சுத்தம் செய்ய ஆட்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் மூச்சுவிடாமல், முழுவேகத்தில் வேலை செய்வதைப் பேராசிரியர் பார்த்தார். ஏன் இத்தனை அவசரம், சற்று நிதானமாகச் செய்யலாமே என்று கேட்டார். உள்ளே இறங்கிப் பார்த்தவர்க்கே அது தெரியும், சில மணி நேரம் கூடுதலாக இருந்தால் கண் போய்விடும் என்ற பொருள்பட அந்தத் தொழிலாளி விடை சொன்னார். பேராசிரியர் அவர் கண்களைப் பார்த்தார்; சிவந்து, மங்கியிருந்தன. வேறொருவராயிருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே போயிருப்பார். ராமஸ்ஸினி தொழில்தோறும் சென்றார், பட்டறைப் படியேறினார், சுரங்கத் தொழிலாளி, மாவு அரைப்பவர், சலவை செய்பவர் என்று ஒவ்வொருவரையும் பற்றி எழுதினார். 1700-இல் நூல் வெளிவந்தது. நோயாளியிடம் கேட்கவேண்டிய கேள்விகள் எவையெவை என்று பழங்கால கிரேக்கத்து ஹிப்போகிரட்டீஸ் வகுத்திருந்தார். அவற்றோடு இன்னொன்றையும் கேளுங்கள் என்று ராமஸ்ஸினி சேர்த்தார்: இவர் செய்யும் தொழில் என்ன?

கழிவுக்குழியிலே நின்ற, பெயர் தெரியாத ஒரு தூய்மைத் தொழிலாளியின் விடையிலிருந்து ஒரு மருத்துவத் துறையே பிறந்தது, தோழர்களே! முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் கேள்வி இன்னும் வரிசையிலேயே நிற்கிறது.

சரி, மருத்துவர் கேட்கவில்லை, அம்மையாராவது சொல்லலாமே? சொல்ல மாட்டார். மறைக்கிறார் என்பதல்ல, அவருக்கே தெரியாது. இந்த நோய் பலே சூழ்ச்சிக்காரன். சில இரசாயனங்கள் உடலுக்குள் போய், மாதக்கணக்கில், சிலரிடம் ஆண்டுக்கணக்கில்கூட, ஒன்றும் செய்யாமல் பதுங்கியிருக்கும். உடல் அவற்றைப் பகையெனப் பழகிக்கொண்ட பிறகு, துளியளவு பட்டாலும் மூச்சு இறுகும். "ஐந்து வருசமாக இதைத்தானே தெளிக்கிறேன், இப்போது மட்டும் ஏன் வரப்போகிறது?" என்று அம்மையார் எண்ணுகிறார். மேற்பார்வையாளரும் அதையே சொல்லி ஏளனம் செய்கிறார். இரண்டாவது சூழ்ச்சி இன்னும் கொடிது. காலையிலே முகர்ந்ததற்குச் சிலரிடம் நாலு மணி நேரம், எட்டு மணி நேரம் கழித்துத்தான் மூச்சு இறுகும். வேலை முடிந்தது, பேருந்து ஏறினார், சோறு ஆக்கினார், படுத்தார், நள்ளிரவிலே இழுப்பு வருகிறது. எதைப் பழிப்பார் அவர்? பனியை, தயிரை, பழைய பாயை! குற்றவாளி பத்து மைல் தொலைவிலே, பிளாஸ்டிக் குடுவைக்குள் சாதுவாக உட்கார்ந்திருக்கிறான்.

இன்னொரு வகை உண்டு. அது பதுங்குவதில்லை, பாய்கிறது. கழிவறைக் கறை போகவில்லையென்று பிளீச்சிங் பவுடரைக் கொட்டி, அதன்மேல் ஆசிட்டை ஊற்றுகிறார்கள். அங்கே பிறப்பது குளோரின் வாயு. 1915-இல் பெல்ஜியம் நாட்டு ஈப்ர் போர்க்களத்தில் ஜெர்மானியப் படை எதிரிகள்மீது ஏவியதே, அதே வாயு! அங்கே திறந்த வெளி. இங்கே நாலடிக்கு நாலடி அறை. பிளீச்சோடு அம்மோனியா கலந்தால் வேறொரு நச்சு ஆவி. இப்படி ஒரே நாளில் பெருமளவு முகர்ந்தவர்க்கு 24 மணி நேரத்துக்குள் மூச்சுத் தொல்லை தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேலும் நீடிக்கக்கூடும் என்பதை 1985-இல் அமெரிக்க மருத்துவர் ஸ்டூவர்ட் புரூக்ஸ் குழுவினர் விளக்கினார்கள். இவ்வகையைக் கண்டுபிடிப்பது ஓரளவு எளிது, நாள் நினைவிருப்பதால். ஆனால் அந்த நாளை யாராவது எழுதிவைத்திருக்க வேண்டுமே!

வயதுவந்தோர்க்கு வரும் ஆஸ்துமாவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு வேலையிடத்தால் விளைவது என்று அமெரிக்க, ஐரோப்பிய நெஞ்சுநோய் மருத்துவர் சங்கங்கள் 2019-இல் கூட்டாக வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டது. தூய்மைத் தொழிலைத் தனியே எடுத்து ஆராய்ந்தவர்களும் உண்டு. ஸ்பெயின் நாட்டிலே, பார்சலோனாவை அடுத்த கொர்னெல்யா நகரிலே, வீடுவீடாகச் சென்று துப்புரவு செய்யும் பெண்களிடம் ஆய்வாளர்கள் போனார்கள். என்ன கேட்டார்கள் தெரியுமா? எதைத் தெளித்தீர்கள், எந்த அறையிலே, எத்தனை நேரம் என்று நாள்தோறும் குறிக்கச் சொன்னார்கள். கூடவே மூச்சின் வேகத்தையும் ஊதி அளக்கச் சொன்னார்கள். 2005, 2006 ஆண்டுகளில் முடிவுகள் வெளிவந்தன. வேலைக்குப் போன நாள்களில் தொல்லை மிகுதி. அதுவும் பிளீச் கலந்த நீரும், எண்ணெய்ப்பிசுக்கு நீக்கும் தெளிப்பானும், அறை மணக்க அடிக்கும் தெளிப்பானும் புழங்கிய நாள்களில் மிகுதி. சமையலறை துடைக்கும் பெண்ணின் கையிலே பென்சில் கொடுத்தார்கள். அவர் எழுதியது அறிவியல் ஆயிற்று.

2018-இல் நார்வே நாட்டுப் பெர்கன் பல்கலைக்கழகத்தார் தலைமையில் இன்னோர் ஆய்வு. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் 6,000-க்கு மேற்பட்டோரை 20 ஆண்டுக்காலம் தொடர்ந்து, நுரையீரலின் ஆற்றலை அளந்தார்கள். வயது ஏற ஏற எல்லோருக்கும் அது குறையும். துப்புரவைத் தொழிலாகக் கொண்ட பெண்களுக்கோ விரைந்து குறைந்தது. நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் சிகரெட் வீதம் 20 ஆண்டுக்குச் சற்றுக் குறைவாகப் புகைத்தவர்க்கு ஏற்படும் இழப்போடு அதனை ஆய்வாளர்களே ஒப்பிட்டார்கள். வீட்டிலே துப்புரவு செய்யும் பெண்களுக்கும் இழப்பு இருந்தது. ஆடவரிடம் இந்த வேறுபாடு தென்படவில்லை. வீடு பெருக்கித் துடைக்கும் ஆடவர் எத்தனை பேர் என்பதை, இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆடவத் தோழர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ளலாம்!

இனி, கண்டுபிடிப்பது எப்படி? இங்கேதான் சற்றுப் பொறுமை வேண்டும்.

முதலில், வந்திருப்பது ஆஸ்துமாதானா என்று உறுதி செய்யவேண்டும். மூச்சுமுட்டுவதெல்லாம் ஆஸ்துமா அன்று. குரல்வளை இறுகினாலும் மூச்சு முட்டும். இதயக் கோளாறிலும் முட்டும். ஸ்பைரோமீட்டர் என்னும் கருவியில் ஊதச் சொல்வார்கள். மூச்சுக்குழலை விரிக்கும் மருந்தைக் கொடுத்து மறுபடியும் ஊதச் சொல்வார்கள். முதல் நொடியில் வெளிவரும் காற்று 12 விழுக்காடும் 200 மில்லி லிட்டரும் கூடினால் ஆஸ்துமாவுக்குச் சான்று என்பது நெடுங்காலமாகக் கையாளப்படும் அளவை. ஆனால் எச்சரிக்கை! விடுப்பு நாளில் போய் ஊதினால் எல்லாம் சரியாக இருப்பதாகவே காட்டக்கூடும். "உனக்கு ஒன்றுமில்லை, நடிக்கிறாய்" என்று அனுப்பிவிடுவார்கள். ஒருநாள் ஊதியது சரியாக இருப்பதால் நோயில்லை என்று ஆகிவிடாது.

இரண்டாவது, அதற்கும் வேலைக்கும் உள்ள உறவு. இதற்குத் திறவுகோல் ஒரு கேள்வி: "வேலைக்குப் போகாத நாள்களில் மூச்சு எப்படி இருக்கிறது? ஊருக்குப் போய்ப் பத்து நாள் தங்கினால் எப்படி இருக்கிறது?" "தேவலாமுங்க" என்று விடை வந்தால், மருத்துவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வேண்டும். நோய் முற்றியவர்க்கு ஞாயிறு ஒருநாள் போதாது. மூச்சுக்குழல் தேற ஒருவாரம், இரண்டு வாரம் பிடிக்கும். வார விடுமுறையே இல்லாத ஒப்பந்தத் தொழிலாளியிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன சொல்வார்? ஓய்வு மறுப்பவன் உடலை வருத்துவதோடு நிற்பதில்லை, தடயத்தையும் அழிக்கிறான்!

ஆனால் "தேவலாம்" என்ற சொல் மட்டும் வழக்குமன்றத்தில் நில்லாது. எண் வேண்டும். அந்த எண்ணைத் தருவது பீக் ஃப்ளோ மீட்டர். 1959-இல் ரைட் என்ற பிரிட்டானிய அறிஞர் அறிமுகப்படுத்திய கருவியின் சிறிய வடிவம். கைப்பைக்குள் அடங்கும் ஒரு குழாய். மூச்சை முழுதும் இழுத்து, உதட்டை இறுக வைத்து, ஒரே ஊத்தாகப் பலங்கொண்ட மட்டும் ஊதினால், காற்றின் வேகம் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று முள் காட்டும். மூன்று தடவை ஊதி, உயர்ந்ததை எழுத வேண்டும். இப்படி நாளைக்கு நாலு முறை, நாலு வாரம். அந்த நாலு வாரத்துக்குள் வேலை நாள்களும் வரவேண்டும். விடுப்பு நாள்களும் வரவேண்டும். மருந்தை இடையிலே கூட்டவோ குறைக்கவோ கூடாது. மாற்றினால், ஏறியது விடுப்பாலா மருந்தாலா என்று எதிர்த்தரப்பு கேட்கும். பிறகு அந்த எண்களை வரைபடமாக்கினால், வேலை நாளில் பள்ளம், விடுப்பு நாளில் மேடு. வரைபடத்தைப் படித்துச் சொல்ல பிரிட்டனின் பர்மிங்காம் மருத்துவர்கள் ஒரு கணினி நிரலே ஆக்கியிருக்கிறார்கள். "இவள் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டாள்" என்று முதலாளி சொல்வாரே? தானே நேரத்தையும் எண்ணையும் பதிந்துகொள்ளும் கருவியும் வந்துவிட்டது.

இதற்கு மேலும் ஐயம் இருந்தால், மெத்தகோலின் என்ற மருந்தை முகரவைத்து மூச்சுக்குழல் எவ்வளவு எளிதில் சுருங்குகிறது என்று வேலை நாள்களிலும், விடுப்புக்குப் பின்னும் பார்ப்பார்கள். ஐயப்படும் இரசாயனத்தையே சிறிது சிறிதாக முகரவைக்கும் சோதனை சில பெரிய மருத்துவ நிலையங்களில் மட்டும் உண்டு. நாமாகச் செய்து பார்க்கும் காரியமன்று அது. "தோலிலே ஊசி குத்திப் பார்த்தால் தெரிந்துவிடாதா?" என்பீர்கள். சில பொருள்களுக்குத் தெரியும். பிளீச்சுக்குத் தெரியாது, கிருமிநாசினிகள் பலவற்றுக்கும் நம்பத்தக்க தோல் சோதனை இல்லை. ஆகவே மறுபடியும் குறிப்பேட்டிடமே வருகிறோம்.

இன்னொரு நேர்மையும் வேண்டும். முன்பே ஆஸ்துமா உள்ளவர்க்கு வேலையிடத்து நெடி நோயை மிகுவிப்பது ஒன்று. நலமாயிருந்தவர்க்கு வேலையே நோயை உண்டாக்குவது மற்றொன்று. இரண்டும் வேலையோடு தொடர்புடையவையே; ஆனால் ஒன்றல்ல. நம் பக்கத்து வழக்கு வலுக்க வேண்டுமென்று முதலாவதை இரண்டாவதாக்கிப் பேசாதீர்கள். ஒரு பொய் பிடிபட்டால் நூறு மெய் தோற்கும்.

இப்போது கடினமான இடத்துக்கு வருகிறேன். சான்று வேண்டுமென்றால், அம்மையார் அந்த வேலையிலேயே இருக்கும்போது ஊதி எழுத வேண்டும். வேலையை விட்டபின் பள்ளம் ஏது, மேடு ஏது? ஆனால் வேலையில் இருக்க இருக்க நோய் வேரூன்றும். சீக்கிரம் விலகியவர்க்கே தேறும் வாய்ப்பு அதிகம். விலகியவர்களிலும் முழுதும் குணமாகிறவர் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான். இருந்தால் மூச்சு போகும்; விலகினால் சோறு போகும். நோய் கண்டறியப்பட்ட சில ஆண்டுகளுக்குள் மூன்றில் ஒருவர் வேலையின்றி நிற்கிறார் என்று பிரிட்டனிலே கணக்கெடுத்திருக்கிறார்கள். அங்கேயே அப்படி! ஆகவே, மூச்சு முட்டுகிறது என்று சொன்ன உடனே "வேலையை விட்டுவிடு, அம்மா" என்று அறிவுரை கூறும் அருளாளர்களை நம்பாதீர்கள். இழுப்பு கடுமையாகி, பேசக்கூட முடியாமல் போகிறவரை ஒரு நாழிகையும் அங்கே நிறுத்தக்கூடாது, உடனே மருத்துவமனை. மற்றவர்க்கு முதலில் கருவி, நாலு வாரக் குறிப்பு, மருத்துவர் சான்று. அதன்பின் அதே சம்பளத்தில் வேறு வேலை. இதுதான் சங்கம் கேட்கவேண்டிய வரிசை. வரிசை மாறினால் வழக்கு போச்சு.

"அப்படியானால் சுத்தம் வேண்டாமா? கிருமி பெருகட்டுமா?" என்று கேட்பார்கள். 2020-இல் கொரோனா அச்சத்தில் திருப்பூர்ச் சந்தை வாயிலிலே சுரங்கவழி அமைத்து, வருவோர்மீது கிருமிநாசினிச் சாரல் தெளித்தார்கள். உத்தரப்பிரதேசத்து பரேலியில் ஊர் திரும்பிய தொழிலாளரைத் தெருவிலே உட்காரவைத்து மருந்து நீரைப் பீய்ச்சினார்கள். மனிதர்மீது தெளிக்காதீர் என்று அந்த ஏப்ரலிலேயே மத்திய சுகாதாரத் துறை சொல்லிவிட்டது. சாரலில் நனைந்தவர்களுக்காக நாடே பேசியது, நல்லது. அந்தச் சாரலைக் கலக்கி, தொட்டியில் ஊற்றி, நாள் முழுதும் அதனருகே நின்றவரைப் பற்றி யார் பேசினார்?

சுத்தம் வேண்டும், வழியும் இருக்கிறது. தெளிப்பதற்குப் பதில் துணியில் நனைத்துத் துடைத்தால் மூச்சிலே போகும் துளி குறையும். வெறும் தரையைத் துடைக்கச் சோப்பு நீரே பெரும்பாலும் போதும். ஆசிட்டும் பிளீச்சும் ஒரே வாளியைக் காணக்கூடாது. முதலாளிகளால் மாற்ற முடியாதா? 1969-இல் மைக்கேல் ஃப்ளிண்ட் என்ற மருத்துவர், சலவைத்தூளிலே சேர்க்கும் என்சைம் தூசியால் தொழிலாளர்க்கு மூச்சுநோய் வருவதை எழுதினார். தூசி பறக்காதபடி என்சைமுக்கு உறையிட்டார்கள். நோய் வெகுவாகக் குறைந்தது. கதை அத்தோடு முடியவில்லை. 2000-ஆம் ஆண்டிலே, உறையிட்ட என்சைமையே புழங்கிய ஒரு புதிய தொழிற்சாலையில் மறுபடி ஆஸ்துமா தலைகாட்டியதை அதே பிரிட்டானிய மருத்துவ ஏடு வெளியிட்டது. காவல் தளர்ந்தால் கள்வன் வருவான்.

ஆகவே படிப்பகத் தோழர்களே, உங்களிடம் ஒரு வேலை தருகிறேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். முதல் பக்கத்தில், அந்த அம்மையார் கையாளும் ஒவ்வொரு மருந்தின் பெயரும் எழுதுங்கள். பெயர் தெரியாது என்பார். பெரிய கேனிலிருந்து பழைய தண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்திருப்பார்கள். கேனின் மேலுள்ள சீட்டைப் படம் பிடித்து வாருங்கள். அந்தப் பொருளுக்குரிய பாதுகாப்புத் தகவல் தாளைச் சங்கத்தின் பெயரால் எழுத்து மூலம் கேளுங்கள். இரண்டாம் பக்கத்திலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி: வேலையா விடுப்பா, எந்த அறை, எந்த மருந்து, இரவிலே இழுப்பு வந்ததா. பக்கத்திலே நாலு கட்டம்: விழித்ததும் ஒன்று, வேலை நடுவே ஒன்று, வேலை முடிந்ததும் ஒன்று, படுக்குமுன் ஒன்று. எழுதத் தெரியாத தாய்க்குப் பள்ளி செல்லும் மகளை எழுதச் சொல்லுங்கள். மகளும் இல்லையென்றால் மாலையில் நீங்கள் போய்க் கேட்டு எழுதுங்கள். நாலு வாரம் முடிந்ததும் அவரோடு மருத்துவமனை வரிசையில் நில்லுங்கள். மருத்துவர் கேட்குமுன் நோட்டை மேசைமேல் வையுங்கள். முதல் பக்கத்தைத் திறந்து வையுங்கள்.